அப்பாவுக்கு மட்டும் இருந்த சடங்கு

ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். பகாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அம்மாவும் நானும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவர், அப்பா காலராவில் போய்விட்டதாகச் சொன்னார். கூலிகளின் லயத்து வீடுகளெல்லாம் அழுதன. அம்மா மட்டும் அழவில்லை.

"நீங்க கண்ணால பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

அவர் பார்க்கவில்லை. யாரோ சொன்னதுதான்.

கங்காணியும் பெரிய ஆட்களும் கோயிலடியில் கூடி, கருமாதி செய்து தாலியறுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இல்லாவிட்டால் தோட்டத்துக்கே ஆகாதாம். ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனபோது வாய் திறக்காதவர்களுக்கு அன்று நியாயம் நன்றாகவே பேச வந்தது.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடி, ஜப்பான் அதிகாரியின் காலில் விழுந்தாள். அவன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"ஒங்க சாமி, ஒங்க சடங்கு. அதுல கைவைக்க மாட்டோம்னு சொல்றாரு. வீட்டுக்குப் போ தாயி."

எங்கள் அரிசியிலும் ஆண்கள்மீதும் கைவைத்தவன் இதில் மட்டும் மரியாதை காட்டினான். திமிறிய அம்மாவை நாலு பேர் பிடித்துக்கொள்ள, வளையலை உடைத்துத் தாலியை அறுத்தார்கள்.

ஜப்பான்காரன் சண்டை ஓய்ந்த பிறகு அப்பா வந்தார், எலும்பும் தோலுமாக. கோயிலடியில் மறுபடியும் கூடினார்கள். கருமாதி முடிந்தவன் உயிரோடு திரும்பினால் அதற்கு ஒரு வழி இருந்தது. தலைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பிறந்த பிள்ளைக்கு வைப்பதுபோல் புதிதாகப் பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு?

"அறுத்தது அறுத்ததுதான். அதுக்கு நம்மகிட்ட சடங்கு இல்ல," என்றார் கங்காணி.

அப்பா வீட்டுக்குள்ளேயே ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டினார். வெளியில் யாரும் அதை ஏற்கவில்லை.

இப்போது இது ஓட்டுப் போடும் நாடு. எங்கள் கோயில், எங்கள் பள்ளி, எங்கள் வழக்கம், இதில் எவனும் கைவைக்கக் கூடாது என்று மேடையில் முழங்குகிறார்கள். நானும் மனதாரக் கைதட்டுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை மூட வந்தபோது வாசலில் உட்கார்ந்து மறித்தவள்தான் நான். ஆனால் 'எங்கள்' என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றும். அதில் அம்மாவை எவன் சேர்த்தான்?

என் கல்யாணத்தில் அப்பாதான் என்னைத் தாரைவார்த்துக் கொடுத்தார். அவர் பக்கத்தில், மனைவி நிற்க வேண்டிய இடத்தில், அத்தையை நிறுத்தியிருந்தார்கள். அம்மா சமையல் கொட்டகைப் புகையில் நின்று, கெட்டிமேளச் சத்தத்தை மட்டும் கேட்டாள்.