வாட்டம் பார்க்கத் தெரிந்தவன்

பைப்பைத் திருப்புகிற எல்போ, கடையில் இரண்டே கோணத்தில்தான் கிடைக்கும். வீடுகளோ இஷ்டத்துக்கு எந்தக் கோணத்திலும் நிற்கும். மிச்சத்துக்கு வளைந்து கொடுப்பது பிளம்பரின் முதுகு. குளிக்கப் போய்க் கணுக்கால் தண்ணீரில் நின்று தவித்தவர்கள், கை கழுவினால் குளியலறை ஓட்டை வழியாகப் பொங்கி வரக் கண்டவர்கள் எல்லோரும் எனக்கு உறவுக்காரர்கள் மாதிரிதான். உங்களுக்கு என்றோ ஒருநாள் வரும் அவதி, எனக்குத் தினசரி.

தொண்ணூற்றாறில் கம்பத்தில் தொழிலுக்கு வந்தேன். எல்லோரும் பழைய வீட்டை ஒட்டி பாத்ரூம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பாத்ரூமுக்கு இடம் விட்டவர்கள், அதிலிருந்து தண்ணீர் வெளியே போக இடம் விட மறந்திருப்பார்கள். எனக்கோ கொஞ்சம் பருத்த உடம்பு. கொஞ்சம் என்று சொல்வது நான் மட்டும்தான். சந்துக்குள் நுழைய ஒரு கூட்டாளி வேண்டியிருந்தது. அப்படிச் சேர்ந்தவன் சவரி. என் வயதுதான், ஆள் ஒல்லி. நான் வெளியே நின்று பைப்பை அளந்து அறுத்துக் கொடுப்பேன். அவன் உள்ளே போய் ஒட்டுவான்.

முக்கால் அடிச் சந்து

வாழைக்காய் மண்டிக்காரர் வீட்டுக்கும் அவருடைய தம்பி வீட்டுக்கும் நடுவில் முக்கால் அடி இடைவெளி. பாகம் பிரித்தபோது கோபத்தில் விட்ட இடைவெளியாம். இன்னும் கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். அதற்குள் நாலு இஞ்சு பைப் போக வேண்டும். சவரி சட்டையைக் கழற்றி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, பக்கவாட்டில் நுழைந்தான். வெளியே வந்தபோது நெஞ்செல்லாம் சிராய்ப்பு.

அவனுடைய கெட்டிக்காரத்தனமே வாட்டம் பார்ப்பதில்தான். எங்கள் தொழிலில் வாட்டம் என்றால் சரிவு. அது இல்லாத பைப்பில் தண்ணீர் போகாது. ரசமட்டம் வைத்துப் பார்க்க அந்தச் சந்தில் கை மடங்காது. அதனால் நான் பாத்ரூமில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுவேன், அவன் பைப்பில் காதை வைத்துக் கேட்பான். தண்ணீர் எங்கே தயங்குகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவான். "அரை விரக்கடை தூக்கணும் மாப்ள" என்று சுவருக்குள்ளிருந்து குரல் வரும். குரலை மட்டும் கேட்ட மண்டிக்காரர் வீட்டம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏப்பா, நீ ஆள வச்சு வேல பாக்குறியா, பல்லிய வச்சு வேல பாக்குறியா?"

மணல் அடைத்த பைப்

சின்னமனூரில் ஒரு டீச்சரம்மா வீடு. கொத்தனார் சுவரைக் கோணலாகக் கட்டியிருந்தார். தொண்ணூறு டிகிரி எல்போவும் சேரவில்லை, நாற்பத்தைந்தும் சேரவில்லை. இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரே வழிதான். பைப்புக்குள் மணலைக் கெட்டியாக நிரப்பி, இரண்டு முனையையும் துணியால் அடைத்து, தென்னமட்டை நெருப்பில் காட்டித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இளகும்போது முழங்காலில் வைத்து வளைக்க வேண்டும். மணல் இல்லாமல் வளைத்தால் நசுங்கிவிடும், ஒரு நிமிடம் பிந்தினால் கருகிவிடும்.

சவரி அன்றைக்கு வளைத்ததைவிட இருமியதுதான் அதிகம். பைப் ஒட்டுகிற சொல்யூஷன் வாடைக்கு எல்லாப் பிளம்பரும் இருமத்தான் செய்வான் என்று டீச்சரம்மாவுக்கு நான் விளக்கம் சொன்னேன். எனக்கு இருமல் இல்லையே என்று எனக்கே தோன்றவில்லை. அவர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சவரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் கேட்டதைப் பெரிய ஹாஸ்யம் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"தம்பி, நீங்க பைப்ப வாட்டுறீகளா, இல்ல இவர வாட்டுறீகளா?"

அதே சந்து, சட்டையோடு

மறு வருடம் மண்டிக்காரர் மாடியில் இன்னொரு பாத்ரூம் கட்டினார். அதே முக்கால் அடிச் சந்து. இந்த முறை சவரி சட்டையைக் கழற்றவில்லை, மூச்சை வெளியே விட்டு ஒடுங்கவும் இல்லை. சும்மா திரும்பி நின்று உள்ளே போனான், அப்படியே வந்தான். ஒரு சிராய்ப்பு இல்லை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மற்ற பிளம்பர்கள் முடியாது என்று கைவிட்ட வேலைகளையெல்லாம் தேடிப் பிடித்து ஒத்துக்கொண்டேன். "இளைச்சது தொழிலுக்கு நல்லதுடா, இப்படியே இரு" என்று அவன் முதுகில் தட்டினேன். தட்டிய கைக்கு எலும்புதான் அகப்பட்டது. அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

"எனக்கே ஆச்சரியமா இருக்கு மாப்ள. போன வருசம் நெஞ்சு உரசுன எடத்துல இப்ப காத்து வருது."

ஆஸ்பத்திரி வாஷ்பேசின்

பண்ணைப்புரத்தில் ஒரு வேலை. சந்துக்குள்ளிருந்து வெளியே வந்த சவரி ஓரமாகப் போய்த் துப்பினான். சிவப்பாக இருந்தது. அவன் வெற்றிலை போடுகிறவன் இல்லை.

அன்றைக்கே பஸ் பிடித்துத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டி.பி. என்றார் டாக்டர். இரண்டு பக்க நுரையீரலும் அரித்துப் போயிருக்கிறது என்றார். மாதக்கணக்காக இளைத்துக்கொண்டு வந்திருப்பாரே, கூடவே இருந்த நீங்கள் பார்க்கவில்லையா என்று என்னைக் கேட்டார். "பாத்தேன் சார்" என்றேன். பார்த்தது உண்மைதானே.

சேர்த்த பிறகு தினமும் போய் உட்கார்ந்திருப்பேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று போவேன், வேலை விஷயம் பேசிவிட்டு வருவேன். ஒருநாள் அவன் வார்டு மூலையிலிருந்த வாஷ்பேசினைக் கைகாட்டினான்.

"அங்கன பாரு மாப்ள, அந்தப் பைப்புல வாட்டமே இல்ல. நா எந்திரிச்சதும் மொத வேல அதான்."

சவரி வீட்டு வேலை

அவன் எழுந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் குழியை நல்ல அகலமாக வெட்டியிருந்தார்கள். எப்போதும் ஒடுங்கி ஒடுங்கி நுழைந்தவனுக்கு அவ்வளவு இடம் எதற்கு என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அவன் மனைவி லூர்து சொல்லி அனுப்பினாள். அடுப்படித் தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குப் பின்னால் தேங்கி நிற்கிறதாம். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று சவரி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலை. போனேன். அங்கேயும் ஒரு சந்து, மண்டிக்காரர் வீட்டுச் சந்தைவிடக் கொஞ்சம் அகலம். உள்ளே அனுப்ப ஆள் இல்லை. சட்டையைக் கழற்றி, மூச்சை வெளியே விட்டு, நானே நுழைந்தேன். இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன். எப்படியோ பைப்பை ஒட்டி முடித்து, "ஒரு செம்பு ஊத்து தங்கச்சி" என்று கத்தினேன். பைப்பில் காதை வைத்தேன். தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. எங்காவது தயங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தரம் ஊற்றச் சொன்னேன்.

வெளியே வந்தபோது என் நெஞ்செல்லாம் சிராய்ப்பு. லூர்து தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து கொடுத்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அவுக எளைச்சுக்கிட்டே வந்தப்ப, ஆஸ்பத்திரிக்குப் போவம்னு நான் கூப்புட்டேண்ணே. 'தொழிலுக்கு நல்லதுன்னு மாப்ளயே சொல்றான்'னு சொல்லிட்டாக."

பைப்பில் வாட்டம் இல்லையென்றால் தெருமுனையில் நின்றே சொல்லிவிடுவான் என்று, சவரியின் காதை வைத்துக் கம்பம் முழுக்கப் பேர் வாங்கியவன் நான். பக்கத்தில் நின்றவனின் வாட்டம் மட்டும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.