முத்துத்தாயைச் சுற்றிப் போன ஓநாய்கள்

சீட்டு விளையாடப் போனாளாம்! பார்த்தது யார்? எதிர்வீட்டு முருகேஸ்வரி பார்த்தாளா? தேவிபிரியா பாளையம்பட்டி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தாள், அவ்வளவுதான். ஆனாலும் குழாயடியில் வாய் மூடவில்லை. "பாய் வீட்டு மாடியில பகடை உருட்டுறா. அங்க ஒரு எளவட்டம் வேற இருக்கான். அந்தப் பழக்கந்தான் குடும்பத்த ரெண்டாக்கிருச்சு." பகடை உருட்டியது உண்மை. ஞாயிறுதோறும் போனதும் உண்மை. குடும்பம் அதனால் உடையவில்லை. அதை மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

தேவிபிரியாவுக்கு முப்பத்தாறு வயது. நூல் மில்லில் பகல் ஷிப்டு. அவளும் தங்கை ரோஷினியும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டவர்கள். அக்காள் சென்னகேசவனுக்கு, பத்து வருஷம் கழித்துத் தங்கை அவன் தம்பி ராஜ்கமலுக்கு. ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று பாலவனத்தத்தில் இருக்கும் அவர்களுடைய அம்மா நினைத்தாள். துணை என்றால் வேறென்ன, மாமியார் லிங்கம்மாளின் வாய்க்கு முன்னால் தேவி நிற்பதுதான். குழம்பில் உப்பு கூடினாலும் "நாந்தான் அத்தை போட்டேன்", குறைந்தாலும் "நாந்தான்". எதிர்வார்த்தை கிடையாது. குனிந்து வாங்கிக்கொள்வாள்.

ரோஷினிக்கு இரண்டு முறை கலைந்துவிட்டது. இது மூன்றாவது, ஐந்து மாதம். பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எட்டு நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வரும் தெரு அது. வரும் நாளில் தேவி ஒருத்தியே அத்தனை குடத்தையும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் வெளியே போவாள். இடுப்பு கழன்றுவிடும்.

அவளுக்கென்று இருந்தது ஞாயிறு மத்தியானம் மட்டும். மில் ஆபீசில் வேலை பார்க்கும் ஷர்மிளா பானுவின் பாளையம்பட்டி வீட்டுக்குப் போவாள். ஷர்மிளாவின் தம்பி சபீர் சென்னையில் படிக்கும்போது கற்றுக்கொண்டு வந்த ஆட்டம் அது. காசு வைப்பதில்லை. அவன் கதை சொல்வான்: காடு, கோட்டை, பூதம். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வீரனைக் காகிதத்தில் உண்டாக்கி அந்தக் கதைக்குள் நடத்த வேண்டும். அடி விழுந்ததா, தப்பியதா என்று பகடை சொல்லும்.

தேவி உண்டாக்கியவள் பெயர் முத்துத்தாய். பலம், வேகம் என்று வீரனுக்குப் பங்கிட வேண்டிய புள்ளிகளில் முக்கால்வாசியைத் தாங்கும் பலத்துக்கே கொட்டினாள். இரும்புச் சட்டை, ஆள் உயரக் கேடயம். வாள் மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள்.

"வெறுங்கையோடவா அக்கா?" என்றான் சபீர்.

"ஒரு ஒலக்கையக் குடு, போதும். இவ அடிக்க வந்தவ இல்ல. முன்னால நின்னு வாங்கிக்கிறதுக்கு வந்தவ."

ஷர்மிளாவின் ஆள் ஒரு வைத்தியச்சி. காயத்தை ஆற்றுவாள், தான் ஓர் அடி தாங்க மாட்டாள். முத்துத்தாயின் முதுகுக்குப் பின்னால்தான் அவள் இடம். ஐந்தாவது ஞாயிறு ஓநாய்க் கூட்டம் வந்தது. முதல் ஓநாய் முத்துத்தாயைக் கடித்துப் பார்த்தது. பல் இறங்கவில்லை.

"இப்ப எல்லாம் இவளச் சுத்திக்கிட்டுப் பின்னால போகுது" என்றான் சபீர்.

"எப்படிப் போகும்? நாந்தான் முன்னால நிக்கேன்ல?"

"நிக்கிறீங்க. அதத் தொடக்கூட இல்லையே அக்கா. உங்களக் கடிச்சா பல்லு வலிக்குது. தாண்டிப் போனா ஒண்ணும் வலிக்கல. நான் ஓநாயா இருந்தாலும் தாண்டித்தான் போவேன்."

"ஏலே, கூடப்பொறந்தவன்னு பாக்காம என்னையவா திங்க விடுற?" என்று ஷர்மிளா சிரித்தாள். இரண்டே உருட்டில் வைத்தியச்சி செத்தாள். முத்துத்தாய் ஒரு கீறல் இல்லாமல் நின்றாள். தேவிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப என்ன செஞ்சிருக்கணும் தம்பி?"

"மறிக்கணும்க்கா. தாண்டுனா ஒரு அடி விழணும். இவள விட்டுட்டுப் போக முடியாதுன்னு அதுக்குத் தெரியணும்."

ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஐந்து மணிக்குத் திரும்புகிறவள் அன்று மூன்றுக்கே வீட்டுக்கு வந்தாள். மாடிப்படியில் ரோஷினி ஏறிக்கொண்டிருந்தாள். இடுப்பில் நிறைகுடம். காலையில் தேவி நிரப்பி வைத்த குடம். மாடித் தொட்டிக்குப் போகிறது. கீழே கட்டிலில் லிங்கம்மாள்.

"எத்தனாவது கொடம்?"

"ஏழுக்கா. நீ வெளிய போனா எப்பவும் இப்படித்தான்."

தேவி மாமியாரைப் பார்த்தாள்.

"என்னடி மொறைக்கிற? ஒன்ன ஏசுறதும் கல்லுல முட்டுறதும் ஒண்ணு. அவளாச்சும் அழுவா."

வேறொரு நாளாக இருந்தால் குடத்தை வாங்கித் தானே மேலே கொண்டுபோயிருப்பாள். அன்று தங்கையைக் கைபிடித்துக் கீழே இறக்கினாள். குடத்தை முற்றத்தில் கவிழ்த்தாள். எட்டு நாள் தண்ணீர். பக்கத்தில் இருந்த அடுத்த குடத்தையும் கவிழ்த்தாள். அந்த வீட்டில் பேச்சு தெலுங்கு. சண்டையெல்லாம் தெலுங்கில் தொடங்கித் தெலுங்கிலேயே அடங்கிவிடும், வெளியே போகாது. தேவி தமிழில், தெருவே கேட்கக் கத்தினாள்.

"அஞ்சு மாசப் பிள்ளத்தாச்சிய ஏழு கொடம் சொமக்க வச்சிருக்கீக அத்தை! இன்னொரு கொடம் மேல போச்சுன்னா போலீஸ் டேசன்லதான் பேசுவேன்!"

முருகேஸ்வரி வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் கேட்டது இது. குழாயடியில் சொல்லாததும் இதுதான்.

ராஜ்கமல் தறி வேலைக்குப் போயிருந்தான். உள்ளேயிருந்து வந்த சென்னகேசவன் ஈரத்தைப் பார்த்தான். "தண்ணியக் கொட்டிட்டியே" என்றான். தேவி அவனைத் தாண்டி உள்ளே போய்ப் பையை எடுத்தாள்.

"போனா ரெண்டு பேரும் திரும்பி வராதீக" என்றாள் லிங்கம்மாள்.

தேவி ரோஷினியின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் நாலு சேலையையும் பையில் திணித்தாள். அம்மா இருக்கும் பாலவனத்தத்துக்குப் பஸ் நாலு மணிக்கு.

"அந்தப் பையக் குடுக்கா."

"வேணாம். நீ பாத்து நட" என்று சொல்லிவிட்டு, தங்கையை முன்னால் விட்டு வாசல்படி இறங்கினாள்.