அம்மா கையில் ரம் புட்டி

ஜெர்மனியின் ஹெல்கோலாந்து தீவுக்குப் போகும் கப்பல்கள் அப்போது கரைக்கு வருவதில்லை. சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நின்றுவிடும். திறந்த மரப்படகுகள் வந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும். கப்பலின் பக்கவாட்டு வாசலில் இரண்டு படகுக்காரர்கள் நின்று, ஆளுக்கொரு கையைப் பிடித்து, ஒரே வீச்சில் நம்மைப் படகில் இறக்கிவிடுவார்கள். தானாகக் கால் வைக்க யாரையும் விடமாட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே போனபோது எனக்கு எட்டு வயது.

அப்பா ஹாம்பர்க்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். டார்ம்ஸ்டாட்டில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா கோடை விடுமுறைக்கு வந்திருந்தார். நால்வரும் ஒருநாள் பயணமாகப் புறப்பட்டோம். தீவில் வரி கிடையாது. பெரியவர்கள் ஆளுக்கு ஒரு மதுப்புட்டி வாங்கி வரலாம். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. ஆனாலும் மூன்று புட்டி வாங்க வேண்டியிருந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்காரம்மா கேட்டிருந்தார்.

அவருக்கும் எங்களுக்கும் அந்த வருடம் சுமுகமில்லை. அம்மா தாளிக்கும் வாசனை மாடிப்படியெல்லாம் நிற்கிறது என்பது அவர் புகார். வாடகை ஒப்பந்தம் இலையுதிர்காலத்தில் முடிகிறது, நீட்டிப்பதா என்று யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தார். அப்பா வேறு வீடு தேடினார். தொலைபேசியில் காலியாக இருந்த வீடுகள் நேரில் போனதும் நிரம்பியிருந்தன. இந்த நிலையில்தான் எங்கள் பயணத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட வீட்டுக்காரம்மா, முதன்முறையாகச் சிரித்த முகத்துடன் மாடிக்கு வந்தார். தேநீரில் கலந்துகொள்ள ரம் வேண்டுமாம். அம்மாவுக்கு ஜெர்மன் வராது. நான் தமிழில் சொன்னேன். அப்பா பதில் யோசிப்பதற்குள் சரி என்று சொல்லச் சொன்னாள் அம்மா.

தீவின் கீழூரில் துறையை ஒட்டி வண்ணம் பூசிய மரக்குடில்கள் நின்றன. உள்ளே தெருவெல்லாம் வாசனைத் திரவியம், புகையிலை, வெண்ணெய் விற்கும் கடைகள். கப்பலில் வந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். நாங்கள் படியேறி மேலூருக்குப் போனோம். சிவந்த பாறைச்சுவரில் ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள் உட்கார்ந்திருந்தன. எச்சத்தின் நாற்றம் தாங்க முடியவில்லை.

“வீட்டுக்காரம்மா இதை ஒரு தடவை மோந்து பாக்கணும் அண்ணி,” என்றார் சித்தப்பா. “அப்புறம் நம்ம பெருங்காயம் சந்தனமாயிடும்.”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பறவைகளிடமிருந்து காற்றடிக்காத பக்கமாக ஒரு பெஞ்சைத் தேடி உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம்.

கீழே இறங்கி ரம் வாங்கியபோதுதான் சிக்கல். அப்பா சட்டம் தவறாதவர். அவரவர் புட்டியை அவரவர் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவருடையதும் சித்தப்பாவுடையதும் கோட்டுப் பைகளுக்குள் போய்விட்டன. அம்மாவிடம் இருந்தது சாப்பாட்டுப் பை மட்டும்.

“இதுலயே போட்டுக்கங்க. டப்பா காலிதானே?” என்றார் சித்தப்பா.

“நாளைக்கு இதுலதான் உங்க அண்ணனுக்கு தயிர்சாதம் போகணும் தம்பி. சாராயத்தை வைக்க முடியுமா?”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, புட்டியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது அலை கூடியிருந்தது. கப்பலருகே படகு ஏறி ஏறி இறங்கியது. படகுக்காரர்கள் கைகளை நீட்டச் சொன்னார்கள். அம்மா புட்டியை விடவில்லை. ஒருவர் அதைத் தன்னிடம் தரும்படி சைகை செய்தார். அம்மா தலையாட்டி மறுத்தாள்.

“குடுத்துடு,” என்றார் அப்பா தாழ்ந்த குரலில்.

“ஒடைஞ்சிட்டா அந்தம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?”

பின்னால் நின்ற ஒருவர், இந்தியப் பெண்மணிக்குத் தாகம் அதிகம் போலிருக்கிறது என்றார். படகே சிரித்தது. கடைசியில் படகுக்காரர்கள் இருவரும் அம்மாவை இடுப்பில் பிடித்து, புட்டியோடு அப்படியே தூக்கி, கப்பலுக்குள் இருந்தவர்களிடம் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் தட்டினேன். சித்தப்பா என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

ஹாம்பர்க் வரும்வரை அம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கப்பல் ஆட்டம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் காலை அம்மாவும் நானும் கீழே போனோம். வீட்டுக்காரம்மா மூன்று புட்டிகளையும் மேசைமேல் வரிசையாக வைத்து அழகு பார்த்தார். அடுத்த கோடையிலும் போய் வாங்கி வரவேண்டும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“அடுத்த கோடைன்னா சொன்னாங்க? நல்லாக் கேளு.”

கேட்டேன். ஆமாம், அடுத்த கோடை என்றார் வீட்டுக்காரம்மா.

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. “கண்டிப்பாப் போறோம்னு சொல்லு.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கப்பலில் அவ்வளவு சிரமப்பட்டவள் மறுபடியும் போகத் துடிக்கிறாளே. விடுமுறை முடிந்து பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். என் அம்மாவுக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்த இடம் ஹெல்கோலாந்து என்று எழுதினேன்.