காலாவதியாகாத கூடை

கெட்ட செய்தி வந்தால் எங்களுக்கு வேலை கூடும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. போர்க்காலத்தின் கடைசி வருடங்களில், கண்டி டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்த இரண்டறைக் காரியாலயத்தில் நான் இணையத்தளம் எழுதிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கேயுள்ள சொந்தக்காரர்களுக்கு கேக், பால்மா, சட்டை என்று எங்கள் தளத்தில் தெரிவுசெய்து அனுப்புவார்கள். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் கூட்டம் அள்ளும் என்று நினைத்தோம். கூட்டம் வந்தது வேறு நாட்களில். எங்காவது குண்டு வெடித்த செய்தி போனால், தொலைபேசியில் ஆளைப் பிடிக்க முடியாதவர்களெல்லாம் எங்களிடம் வந்து ஒரு கேக்கைக் கூடையில் போடுவார்கள். கேக்கைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து வைத்துவிட்டால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

முதலாளி அக்குறணைக்காரர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல நான் அவரை நானா என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் தங்கச்சி. திகனையிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, நேற்றுப் பார்த்த அதே சிப்பாயிடம் அதே அடையாள அட்டையைக் காட்டி, மறுபடியும் ஏற வேண்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். காரியாலயத்துக்கு வந்து சேரும்போது அது மூக்கையும் தாண்டியிருக்கும்.

ஒரு சேர்வர் தாங்கவில்லை என்று இரண்டாவதையும் வாடகைக்கு எடுத்தோம். வருகிறவர்களை இரண்டுக்கும் மாற்றி மாற்றி அனுப்பும்படி நானே அமைத்தேன். பெருமையில் அன்று கால் தரையில் படவில்லை. மறுநாள் காலையில் கனடாவிலிருந்து ஒரு அம்மாவின் அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"பிள்ளை, என்ர கூடையில கிடந்த சாமான் எல்லாம் எங்க போனது?"

"இருங்கம்மா, பாத்து சொல்றேன்" என்று வைத்துவிட்டு நானே ஒரு கூடையில் மூன்று பொருட்களைப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தைப் புதுப்பித்தால் கூடை காலி. இன்னொரு தடவை புதுப்பித்தால் மூன்றும் இருந்தன. கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆச்சரியம். இருக்கிறது, இல்லை, இருக்கிறது என்று முற்பகல் முழுவதும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். பொருள் எங்கேயும் போகவில்லை, ஆனால் போய்விட்டது. இது எப்படி?

காரணம் பிறகு பிடிபட்டது. இணையத்தளத்துக்கு ஞாபகமே கிடையாது. ஒவ்வொரு சொடுக்குக்கும் நீங்கள் புது ஆள். அதனால் முதல் தடவை வரும்போதே உங்கள் கையில் ஒரு இலக்கத்தைக் கொடுத்துவிடுவோம். அந்த இலக்கத்தின் கீழ் உங்கள் பெயரையும் கூடையையும் சேர்வர் தன்னிடமே ஒரு கோப்பில் வைத்திருக்கும். அதற்குத்தான் செஷன் என்று பெயர். முதல் சேர்வரில் கூடையை நிரப்பியவர் அடுத்த சொடுக்கில் இரண்டாவது சேர்வருக்குப் போனால், இலக்கம் சரியாக இருக்கும், கூடை இருக்காது.

நானாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"இது எங்கட கடைக் கத தங்கச்சி. என்ட கட ரோட்டுக்கு இந்தப் பக்கம், தம்பிட கட அந்தப் பக்கம். என்ட கடையில எடுத்து வெச்ச சாமான அவன்ட கடையில போய்க் கேட்டா அவன் முழிப்பான். அதுக்காகத்தான் ரெண்டு கடைக்கும் பொதுவா ஒரு ஸ்டோர் போட்டம். எடுத்து வெக்கிறதெல்லாம் அங்க."

கணினி படித்தவள் நான். வழியைச் சொன்னவர் இரும்புக் கடையில் பூட்டு, கதவுப் பிணைச்சல் விற்றவர். மனம் கொஞ்சம் எரிந்தது, ஆனாலும் அதையேதான் செய்தேன். செஷன்களைக் கோப்பிலிருந்து எடுத்து, இரண்டு சேர்வர்களுக்கும் பொதுவான டேட்டாபேஸில் ஒரு அட்டவணையில் போட்டேன். ஆளுக்கு ஒரு வரி: இலக்கம், பெயர், கூடை, கடைசியாக வந்து போன நேரம். இரண்டு நாள் வேலை. அதன் பிறகு எந்தச் சேர்வர் விழுந்து எழுந்தாலும் கூடை அசையவில்லை.

முன்பெல்லாம் கைவிட்ட கூடை அரை மணி நேரத்தில் தானாகவே அழிந்துவிடும். யாரும் பார்த்ததில்லை. புது அட்டவணையில் அப்படி அழிக்கும் ஏற்பாட்டை நான் வைக்கவில்லை; இப்போது எல்லாம் வரிவரியாக என் கண்முன்னே கிடந்தன. அடுத்தவர் கூடைக்குள் எட்டிப் பார்ப்பது சரியில்லை என்று எனக்குத் தெரியும். பார்த்தேன். மனிதர்கள் வாங்குவதைவிட வாங்காமல் போடுவது எவ்வளவு அதிகம் என்று அப்போதுதான் கண்டேன். ஒருவர் ஆறு கேக் போட்டு ஆறையும் எடுத்திருந்தார். இன்னொருவர் ஒரே சேலையை மூன்று நிறத்தில் வைத்துவிட்டுக் காணாமல் போயிருந்தார்.

கனடா அம்மாவின் கூடையில் மூன்று பொருட்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு மஞ்சள் பூப்போட்ட சட்டை, ஒரு பள்ளிக்கூடப் பை, இரண்டு பைக்கட் பால்மா. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து பார்ப்பார், வாங்காமல் போவார்.

சில மாதங்களில் அட்டவணை வீங்கித் தளம் ஊரத் தொடங்கியது.

"வாங்குறவன் ஒரு மாசத்துல வாங்கிடுவான். மிச்சத்தத் தூக்கி வீசு" என்றார் நானா. ஒரு மாதத்துக்கு முன் தொடங்கிய கூடை எதுவானாலும் அழித்துவிடும்படி ஒரு நிரல் எழுதினேன். அதை ஓட விடும் முன் என்னவோ கனடாவுக்கு அழைத்துச் சொல்லத் தோன்றியது. உண்மையைச் சொன்னால், ஏன் வாங்குவதில்லை என்று கேட்கும் ஆவல்தான்.

"அனுப்பிற ஊருகளில கிளிநொச்சி இல்லையே பிள்ளை" என்றார்.

சண்டையால் வடக்குக்குப் போகும் பாதை மூடியபோது அந்தப் பட்டியலிலிருந்து கிளிநொச்சியை நீக்கியது நான்தான். எனக்குச் சுருக்கென்றது.

"சட்டை என்ர தங்கச்சியின்ர மகளுக்கு. கடைசியா ஃபோன் கிடைச்ச அண்டைக்கு அவள்தான் மஞ்சள் வேணுமெண்டு சொன்னவள். அவள் சொல்லச் சொல்லக் கூடையில போட்டனான். பிறகு கதைக்கக் கிடைக்கேல்லை."

"அழிஞ்சாலும் திரும்பப் போட்டுக்கலாம்மா."

"போடலாம். ஆனா அவள் கேட்டுப் போட்டது இதுதானே. அழிச்சுப்போடாதேங்கோ."

ஒரு தனி ஆளுக்காக நிரலில் விதிவிலக்கு எழுதுகிறவர்களை நான் திட்டாத நாள் இல்லை. அன்று அந்த இலக்கத்தை மட்டும் தொடாதே என்று என் கையாலேயே ஒரு வரி எழுதினேன். நானா அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. இதென்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் "இரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போனார்.

அந்தக் கூடையைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு ஆவணி மாதத்தில் சட்டையின் அளவு ஏழு வயதிலிருந்து எட்டானது. அடுத்த ஆவணியில் ஒன்பது. பெயர் தெரியாத பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதே நிறம், அதே பூ. பையை மட்டும் அந்த அம்மா ஒருமுறை பெரியதாக மாற்றினார்.

பிறகு கடைசி மாதங்கள். ஞாயிறு என்ற கணக்குப் போய்விட்டது. ஒரே நாளில் இருபது தடவை அந்த வரியின் நேரம் மாறியது. அவரும் வேறு எதுவும் செய்ய முடியாமல் கூடையைத் திறந்து திறந்து பார்க்கிறார் என்று விளங்கியது. அளவு பத்தாகியிருந்தது. ஆவணிக்கு இன்னும் நாள் இருந்தது. முன்கூட்டியே ஏன் வளர்த்தார் என்று யோசித்தேன், யோசிக்கப் பிடிக்கவில்லை.

போர் முடிந்தது. கீழே தெருவில் பட்டாசு வெடித்தார்கள், யாரோ பாற்சோறு கொண்டுவந்து தந்தார்கள். நான் அந்த வரியைப் பார்த்தபடி இருந்தேன். நேரம் மாறவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம். தொலைபேசியை எடுக்கவும் துணிவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பிள்ளையை நான் கண்டதே இல்லை, ஆனாலும் பயமாக இருந்தது.

ஒரு காலையில் வந்து பார்த்தால் கூடை காலி. ஓடிப்போய், வாங்கி முடித்த ஓடர்களின் பட்டியலைத் திறந்தேன். மூன்றும் அங்கே இருந்தன. பால்மா பத்துப் பைக்கட். போய்ச் சேர வேண்டிய இடம் வவுனியாவில் ஒரு அகதி முகாம். "நானா!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே புடவைக் கடைக்காரர்கள்கூட ஏறி வந்துவிட்டார்கள்.

அந்தப் பொதியை நானாவே கட்ட உட்கார்ந்தார். ஓடரை ஒருமுறை படித்தார், மறுபடியும் படித்தார்.

"தங்கச்சி, பத்து வயசெண்டுதானே சொன்னாய்? இதுல ஏழு வயசுச் சட்ட போட்டிரிக்கி. பழசு ஏதும் மாறி வந்திட்டோ? உன்ட டேட்டாபேஸ்ல பிழையோ பாரு."

என் அட்டவணையில் பிழை என்றால் நான் சும்மா இருப்பேனா? பார்த்தேன். அன்று அதிகாலையில் அந்த அம்மாவேதான் பத்தை ஏழாக மாற்றியிருந்தார். எதற்கும் கேட்டுவிடலாம் என்று கனடாவுக்கு அழைத்தேன்.

"பிழையில்லை பிள்ளை" என்றார் அம்மா. "நேற்றுத்தான் அவளின்ர படம் வந்தது. ஆள் பாதியாப் போனாள். பாத்துத்தான் போட்டனான்."

நானா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் மஞ்சள் பூப்போட்ட ஏழு வயதுச் சட்டையை எடுத்து, கசங்காமல் மடித்து, பைக்குள் வைத்தார்.