காம்பு இல்லாத அறுபது ரோஜா

அன்று பேக்கிங் ஹாலில் அம்மா இருந்தாள். அவளோடு ரோஜா வெட்டும் ஐந்து பெண்கள் இருந்தார்கள், மேனேஜர் இருந்தார், மொழிபெயர்க்க நான் இருந்தேன். தோட்டத்து முதலாளி பெங்களூரில். அப்பா ஃபேக்டரியில் பகல் ஷிஃப்டில். நான் இங்கிலீஷ் பேசுவதைக் கேட்க அவருக்கும் ஆசைதான், லீவு கிடைக்கவில்லை.

நாட்றாம்பாளையத்துக் காட்டோர நிலம் சோறு போடாததால் மூக்கண்டப்பள்ளிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. பாகலூர் பக்கத்தில் பிளாஸ்டிக் கூரை போட்ட ஒரு பாலிஹவுஸில் அம்மா பன்னிரண்டு வருடமாகப் பூ வெட்டுகிறாள். அவள் வெட்டுகிற பூ விமானம் ஏறிப் போகும். வாங்குகிற நாட்டிலிருந்து ஒரு அம்மணி தோட்டம் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், "வெளிய எதுக்கு ஆள் தேடறீங்க சார்? எம் பையன் டிப்ளமோ" என்று சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். எனக்கு அன்று வார விடுமுறை.

அம்மணி உள்ளே வந்ததும் பெண்கள் மேசைக்கு அடியிலிருந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார்கள். கை தடிமனில் சிவப்பு ரோஜா மாலை. ஏற்றுமதி ரோஜாவுக்கு வாசம் கிடையாது என்பதால் நடுநடுவே மரிக்கொழுந்து வைத்துக் கட்டியிருந்தார்கள். அம்மா அதை அவர் கழுத்தில் போட்டாள்.

மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போகும் ரோஜாவுக்கு விலையே காம்பின் நீளத்தில்தான். மாலைக்கோ தலை மட்டும் போதும்.

"ஏம்மா, அறுபது சென்டிமீட்டர் ஃபர்ஸ்ட் கிரேடு! கழுத்த அறுத்து வச்சிருக்கீங்களே!"

"மாலைக்குக் காம்பு எதுக்குங் சார்?" என்றாள் அம்மா. நிஜமாகவே கேட்டாள்.

அதற்குள் அம்மணி மாலையைத் தொட்டுப் பார்த்து, இவை கழித்துப் போட்ட பூக்களா என்று என்னிடம் கேட்டார்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "ஆமா, வேஸ்ட் பூன்னு சொல்லிடுப்பா. ஃபர்ஸ்ட் கிரேடுன்னு சொன்னா உங்கம்மா நாளையிலருந்து வர வேணாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். என் ஃபீஸ் முழுக்க அந்தக் கூலியில் கட்டியது.

"வேஸ்ட் பூவ விருந்தாளி கழுத்துல போடுவாங்களா? நல்ல பூவுன்னே சொல்லு சாமி. வேலை போனா போவுது."

அவள் சொன்னபடியே அம்மணியிடம் சொன்னேன்: தோட்டத்திலேயே நல்ல பூ இதுதான், உங்களுக்காகவே வெட்டினார்கள்.

அம்மணி, தங்கள் ஊர்க் கடையில் ஒரு பூ மூன்று யூரோ என்றார். முந்நூறு ரூபாய்க்குக் கிட்ட வரும் என்று பெண்களுக்குச் சொன்னேன். அவர்கள் கூலி முந்நூற்று எண்பது.

"அப்ப நம்ம நாள் கூலி ஒண்ணேகால் பூவா?" என்றாள் ஒருத்தி.

"கால் பூவ எப்படிடீ குடுப்பாங்க, இதழ பிச்சா?" என்றாள் இன்னொருத்தி. ஹாலே சிரித்தது. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த பெண் மட்டும் முழித்தாள். அவளுக்கு என் அரைகுறை இந்தியில் சொன்னதும் அவளும் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று அம்மணி கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கை பர்ஸுக்குப் போனது.

"மாலைக்குக் காசு வாங்கறதா? உள்ள வைக்கச் சொல்லுடா," என்றாள் அம்மா.

அந்த மாலையோடுதான் அவர் எல்லா பாலிஹவுஸும் சுற்றினார், கார் ஏறும்வரை கழற்றவில்லை. எடுத்த ஃபோட்டோ எல்லாவற்றிலும் மாலை. அப்புறம் அம்மாவை நிறுத்துகிற பேச்சை மேனேஜர் எடுக்கவில்லை. பூவின் விலையை மட்டும் ஆறு பேர் கூலியில் பிடிப்போம் என்றார்.

"எந்த ரேட்டுங் சார்? நம்மூரு ரேட்டா, அவங்க ஊரு ரேட்டா?" என்றாள் அம்மா.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நம்மூரு ரேட்டுதாம்மா."

ராத்திரி அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, "ஒரு வார்த்தை மாத்தாம சொன்னான்" என்று அம்மா மூன்று முறை சொன்னாள். சொல்லச் சொன்னது அவள் என்பதை அவள் சொல்லவில்லை, நான் சொன்னேன். அப்பா சோற்றை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூ ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் பிடித்தார்கள். அறுபதுக்கு எழுநூற்று இருபது. மரிக்கொழுந்து அவர்களே வாங்கியது, முப்பது. ஆக மாலைக்கு எழுநூற்று ஐம்பது, ஆளுக்கு நூற்று இருபத்தைந்து.