போர்மனுக்கு எழும்பின மனுஷன்

1986 பிறந்தும் இந்த டென்மார்க் எஸ்பியர்க் நகரத்துக் காற்று அடங்கவில்லை, சகோதரிமாரே. அதைவிட மோசம் எங்கள் வீட்டில் என் மனுஷன், இவருடைய முகம்.

"போர்மனுக்கு என்னைப் பிடிக்கேல்லை. நான் சாப்பிட இருந்தா அவர் வெளிய போறார். திங்கக்கிழமை வேலையை விடப்போறன்."

வேலைத்தள மேற்பார்வையாளரைப் பற்றி ஒரு கிழமையாக இதே புலம்பல். கட்டட வேலைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டு போன மனுஷன்! நானும் விடாமல் ஜெபித்தேன்.

இன்று சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார். கொண்டுபோனேன். கொட்டும் மழையில் போர்மன் யென்ஸ் தன் காருக்குள் தனியாக இருந்து பாண் கடிக்கிறார்.

கர்த்தரை நினைத்துக்கொண்டு கண்ணாடியில் தட்டினேன். என் அரைகுறை டேனிஷில் கேட்டேன்.

"என்ர மனுஷனில என்ன கோபம்?"

"கோபமா? நான் உள்ள போனா அவர் சாப்பாட்டை வச்சிட்டு எழும்பி நிக்கிறார். நான் வெளிக்கிடுமட்டும் இருக்கிறாரில்லை. பாவம், பசியோட நிக்கிறாரே எண்டுதான் இஞ்ச வந்திட்டன்."

கையோடு அவரை வேலையாட்கள் சாப்பிடும் கொட்டிலுக்குள் கூட்டிப்போனேன். இவர் உடனே எழும்பினார்.

"இருங்கோ!" என்றேன்.

"இஞ்சாரும், பெரியவர் வரேக்கை எப்பிடி இருக்கிறது..."

"இருங்கோ எண்டுறன்!"

கதிரையில் இருந்தார். பக்கத்தில் யென்ஸும் இருந்து, என் கத்தரிக்காய்க் குழம்பில் பாணைத் தொட்டுத் தின்று, உறைப்பில் மூக்கைத் துடைத்தார். இவர் வாய்விட்டுச் சிரித்தார். வேலை விடும் கதை அதோடு சரி. ஸ்தோத்திரம்!

ஆனால், இத்தனை வருஷத்தில் இரண்டு கையிலும் சாமானோடு நான் உள்ளே வந்தபோது ஒருநாளாவது இவர் கதிரையை விட்டு எழும்பினதில்லை. உங்கள் வீட்டில் எப்படி? பொய் சொல்லாமல் சொல்லுங்கோ.