விடுகைப் பத்திரமும் ஒரு கோழிப் புத்தகமும்

பத்து நாட்களுக்கு முன்பு ஒரு தகப்பன் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தம்பலகாமம் பக்கம், அங்கே நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். மடிப்புக் கலையாத சேர்ட், கையில் ஃபைல், முகத்தில் சட்டத்தை மதிக்கிறவனின் பெருமிதம்.

"மகளுக்கு நேற்றோட பதினாறு முடிஞ்சுது மிஸ். விடுகைப் பத்திரம் தாங்கோ."

மகள் நிலா என் வகுப்பு. (பெயரை மாற்றியிருக்கிறேன், தேடாதீர்கள்.) பதினோராம் ஆண்டு முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

"பரீட்சையை எழுதட்டுமே?"

"சட்டம் பதினாறு மட்டும்தானே படிப்பிக்கச் சொல்லுது? படிப்பிச்சிட்டன். மாப்பிள்ளைக்குச் சீனன்குடாவில வேலை. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கட்டினால் பிரச்சினை வரும் எண்டு பயப்படுறாங்கள். விலகினதுக்குப் பேப்பர் இருந்தால் சரியாம்."

"கலியாணத்துக்குப் பதினெட்டு ஆகவேணுமே?"

"எழுத்தைப் பதினெட்டில வைப்பம் மிஸ். இப்ப கோயில்ல தாலி மட்டும்."

தாலி மட்டும்... என்ன ஒரு சிக்கனம்! பதினெட்டில் பதிவுக்குப் போகும்போது இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று இரண்டு பேர் கூடவே போவார்களே, அது எந்தக் கணக்கு?

போன வருடமும் இப்படித்தான் ஒருத்தியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து வெட்டினோம். கூடப் படித்தவர்கள் பரீட்சை மண்டபத்துக்குள் போன காலையில், அவள் கிளினிக்கில் கர்ப்பிணிகளின் வாங்கில் உட்கார்ந்திருந்தாள். "அது அவங்கட குடும்ப விசயம்" என்று ஸ்டாஃப் ரூமில் தேநீர் குடித்தோம். நானும்தான் குடித்தேன்.

நீங்களே சொல்லுங்கள் — பள்ளிக்கூடம் அறிவைத் தருகிறதோ இல்லையோ, வரவுப் பதிவேட்டில் பெயர் இருக்கும் வரை மாப்பிள்ளை வீடு பயப்படுகிறது. இளவயதுக் கலியாணம் கூடாதென்று மேடை மேடையாகப் பேசிய யாருக்கும் பயப்படாதவர்கள், ஒரு பதிவேட்டுக்குப் பயப்படுகிறார்கள்! அந்தப் பயத்துக்கும் பால்மா பக்கற்றுக்குப் போல பதினாறு வயது என்று முடிவுத் திகதி போட்ட புத்திசாலிகளை என்னவென்று சொல்வது?

சரி, கதைக்கு வருகிறேன். விடுகைப் பத்திரம் வேண்டுமென்றால் ஆய்வுகூடம், விளையாட்டு, நூலகம் என்று எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும். நூலக ரீச்சர் கொப்பியைப் புரட்டினார்.

"இவ ஒரு புத்தகம் திருப்பித் தரேல்லை. கோழி வளர்ப்புப் புத்தகம்."

நிலாவைக் கூப்பிட்டோம்.

"தொலைஞ்சிட்டுது ரீச்சர்."

"எங்கயடி தொலைச்சனீ?" தகப்பன் பல்லைக் கடித்தார்.

"தெரிஞ்சால் எடுத்திருப்பனே அப்பா."

"புதுசு வாங்கித் தாறன் ரீச்சர்."

"அது இப்ப கடையில இல்லை. அதே புத்தகம்தான் வேணும். சட்டம் அப்பிடி."

சட்டம் என்றதும் மனிதர் அடங்கிவிட்டார். மதிக்கிறவராயிற்றே!

அதன் பிறகு இரண்டு தரம் வந்துவிட்டார். அலுமாரி, நெல் மூட்டை, கோழிக்கூடு வரை தேடியாயிற்றாம். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுழிக்கிறார்களாம். பாவம்... சுழிக்கட்டும்.

நேற்று நிலாவைத் தனியே பிடித்துக் கேட்டேன். "உண்மையா தொலைஞ்சதா?"

"தேடிக்கொண்டுதான் இருக்கிறன் மிஸ். கடைசிப் பேப்பர் எழுதி முடிய, கிடைச்சிடும்."

அதற்குப் பிறகு உயர்தர வகுப்பு, இன்னும் இரண்டு வருடம். அதற்கு எந்தப் புத்தகத்தைத் தொலைக்கலாம் என்று இப்போதே நூலகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறேன் — கொஞ்சம் தடித்ததாக.